இடது கீழ்க் கடைவாய்

முதல்முறை வந்தபோது அவன் வெறும் அவன்தான்.
மர்ஸா தமீம் துறைமுகம், சுங்க அலுவலகத்தின் பின்சந்து.
என் மருத்துவமனைக்கு அப்போது
நாற்காலி ஒன்று, ஜன்னல் ஒன்று.
கன்னத்தைப் பிடித்தபடி ஒரு லெப்டினன்ட்,
பூட்ஸில் தெற்கின் சிவப்பு மணல்.
கட்டணம் இல்லை.
செய்தித்தாளில் சுற்றிய பேரீச்சம்பழம் கொஞ்சம்
மேசையில் வைத்தான்.
இனிப்பைக் குறை என்றேன். சிரித்தான்.
முன்பல் இரண்டுக்கும் நடுவே
ஒரு கோதுமை மணி நுழையும் இடைவெளி.

பதினோராம் நாள் விடியலில்
இனி அரசர் இல்லை என்றது வானொலி.
யார் குரலென்று ஊருக்குத் தெரியவில்லை.
எனக்குத் தெரிந்தது.
தேசம் என்று சொன்ன இடத்தில்
மெல்லியதாய் ஒரு சீழ்க்கை.

ஆறே மாதம்.
செய்தி வாசிப்பவர்கள் சீழ்க்கையடித்தார்கள்.
பிறகு நீதிபதிகள், பிறகு
ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒப்பித்தலில்.
பழுதில்லாத வரிசையோடு வந்த ஒரு மந்திரி
நடுவில் கொஞ்சம் அராவிவிடச் சொன்னார்.
அராவிவிட்டேன்.
அதற்குள் அவன் அவர் ஆகியிருந்தார்.
என்றைக்கு என்று தேதி சொல்ல முடியாது;
எல்லோருக்கும் முதலில் குனிந்தது
நாக்கு.

ஆண்டுக்கு இருமுறை திரை போட்ட கார் வரும்.
ஊசியை முதலில் மெய்க்காவலன் மிஃப்தாஹின் ஈறில் போட வேண்டும்.
கால்மணி நேரத்தில் அவன் சாகவில்லை என்றால்
அவருக்கு.
பாதி முகம் மரத்து, எச்சில் வழிய,
துப்பாக்கியோடு என்னையே பார்த்து நிற்பான்.
வலிக்காத பல்லுக்கு
இருபத்தாறு ஆண்டு மருந்து வாங்கியவன்.

சினிமாக் கொட்டகையில், செய்திப்படத்தில்,
அவர் குதிரையேறத் தடுமாறியபோது
என் தம்பி சிரித்தானாம்.
சின்னச் சிரிப்புதான் என்றார்கள்.
சட்டைப் பட்டன் ஒன்று
இருக்கைக்கு அடியில் கிடைத்தது.

ஒருநாள், என் இரண்டு விரல்களும் கண்ணாடியும்
அவர் வாய்க்குள் இருக்கையில் கேட்டேன்:
யூனிஸ் எங்கே?
ஆ என்றார்.
விரலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.
அந்த ஆ
பதிலா, அதட்டலா, வெறும் திறந்த வாயா,
இன்றுவரை பிரித்துப் பார்க்கிறேன்.

அன்றுதான், இடது கீழ்க் கடைவாயில்,
அடைப்பை ஒரு மயிரிழை உயரமாக விட்டேன்.
கடிக்கும்போதெல்லாம் நெருடும்.
தூக்கம் கெடும்.
அடுத்தமுறை முறையிட்டபோது
வயது, ஐயா என்றேன்.
நாடே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது,
அவரும் கொஞ்சம் கடிக்கட்டுமே.
வெகுநாள் இதை என் வீரமென்று வைத்திருந்தேன்.
இப்போது வேறு கணக்கு ஓடுகிறது:
தூங்காத அந்த ராத்திரிகளில்
மேசைக்கு வந்த தாள்கள் எத்தனை,
தாடையைப் பிடித்துக்கொண்டே
போட்ட கையெழுத்துகள் எத்தனை.

கிப்லிக் காற்று வீசிய வாரத்தில் முடிந்தது எல்லாம்.
பேரீச்சை மூட்டை கட்டும் கொட்டகையில்
கழற்றிய கதவொன்றின் மேல் கிடத்தியிருந்தார்கள்.
முகம் முகமாக இல்லை.
அவரைப்போல் இருப்பதற்கே சம்பளம் வாங்கியவர்கள்
மூன்று பேர் என்பதால்
என்னைக் கூப்பிட்டார்கள்.
கைப்பேசிகளை உயர்த்திப் பையன்கள்.
வாயைத் திறங்கள் என்றேன், பழக்கத்தில்.
யாரோ கெக்கலித்தார்கள்.

இடது. கீழ். கடைவாய்.
என் அடைப்புதான்.
ஆனால் தேய்ந்திருந்தது,
கடித்துக் கடித்துச் சமமாகி,
விரலுக்கு எதுவும் தட்டவில்லை.
எந்த ஆண்டிலோ வலி நின்றிருக்கிறது.
எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அதுதான் என்றேன்.
அவனும் இல்லை, அவரும் இல்லை.

மறுநாள் மலைச்சிறையின் கதவைத் திறந்தார்கள்.
வெயிலுக்குக் கண்ணைப் பொத்தியபடி வந்தவர்களை நோக்கி
ஆளுக்கொரு பெயரைக் கத்தினோம்.
நானும் கத்தினேன்,
யூனிஸ்,
யூனிஸ் என்று.
கடைசி எழுத்தில்
மெல்லியதாய் ஒரு சீழ்க்கை.